சுப்புலக்ஷ்மியின் கழுத்தளவு

காசிக்குப் போகாமலேயே காசிக்குப் போய்வந்த பெண்மணி மயிலாப்பூரில் ஒருத்திதான் உண்டு. ஐந்து மாதத்துக்கு முன்பு, ஊருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் சுப்புலக்ஷ்மியின் தொண்டையிலிருந்து தைராய்டு கட்டியை எடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவள் கணவர் அம்பி, காசி யாத்திரை என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஊர்க்கோடியில் ஒரு பூஜை சாமான் கடையில் நின்றுகொண்டு கங்கைச் சொம்புக்கு பேரம் பேசிக்கொண்டிருந்தார். தையல் பிரித்த கையோடு சொம்புகள் வீடு வீடாகப் போயின. ஓர்ப்படி ஜானகிக்கும் ஒன்று போயிற்று. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவாமி அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஒரு கட்டியை எடுத்ததற்கு இத்தனை நாடகமா என்று இப்போதுதான் உள்ளே நுழைகிறவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு இதே ஆபரேஷன் ஜானகிக்கு நடந்தது. ஜானகி அம்பியின் அண்ணா மனைவி. அப்போது மயிலாப்பூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன்பே அவளிடம் பாட்டு வகுப்பில் இடம் கேட்டு வைப்பார்கள். அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நவராத்திரியில், சுப்புலக்ஷ்மி சுண்டல் வாங்கப் போன கொலு வீடுகளில் எல்லாம் குங்குமத்தோடு ஒரு செய்தியையும் வைத்துவிட்டு வந்தாள். மன்னி தொண்டையில் கத்தி பட்டுவிட்டது, பாவம், இனிமேல் அது தொண்டை இல்லை, தகர டப்பா.

கார்த்திகை தீபத்துக்குள் ஜானகியின் மாணவிகள் அத்தனை பேரும் சுப்புலக்ஷ்மியின் கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜானகியின் குரல் ஆறே மாதத்தில் பழையபடி திரும்பி வந்தது. பெண்கள் திரும்பவில்லை. ஜானகி வீட்டை காலி செய்துகொண்டு அடையாறுக்குப் போய்விட்டாள்.

இப்போது அதே கத்தி, அதே இடம், அதே அளவு. சுப்புலக்ஷ்மியின் கழுத்தின் அடியில், குழிக்கு சற்று மேலே, யாரோ உள்ளேயிருந்து புன்னகைப்பது போல ஒரு கோடு. இது தெரிந்தவர்கள் அம்பி, மகன் சாய்நாத், மருமகள் அனன்யா. நான்காவதாக ஒருவருக்குத் தெரிந்தால் பாட்டுக் கூடம் காலி. ஜானகிக்குத் தெரிந்தால் அதைவிட மோசம், அவள் சிரிப்பாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்பிக்கு அறுபதாம் கல்யாணம். சித்திரை வெயிலிலும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பாட்டு சொல்லிக் கொடுத்துவிட்டாள் சுப்புலக்ஷ்மி. காசிக் குளிர் தொண்டையில் இறங்கிவிட்டது என்றாள், ஊரும் நம்பியது. ஆனால் கூறைப் புடவையோடு மணையில் உட்காரும்போது மஃப்ளர் சுற்ற முடியாது. பவுடரும் பூச்சும் ஹோமப் புகையில் வழிந்துவிடும். ஆகவே நகைதான். அதுவும் சரியான நீளத்தில். தழும்பின் மேலேயே வந்து உட்கார வேண்டும். ஒரு விரல் மேலே ஏறினாலும் போச்சு, ஒரு விரல் கீழே இறங்கினாலும் போச்சு.

அதற்கு எட்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில், அம்பியின் கையில் ஒரு நூலைக் கொடுத்து அளவெடுக்கச் சொன்னாள். அம்பி முப்பத்திரண்டு வருஷ இல்லறத்தில் பேசிய மொத்த வார்த்தைகளையும் ஒரு பஸ் டிக்கெட்டில் எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் கோலம் போடலாம். அவர் நூலைச் சுற்றினார். சுற்றிய வேகத்தில் நூல் இறுகியது. கழுத்தை நெரிக்கிற ஆசையெல்லாம் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றாள் சுப்புலக்ஷ்மி. அம்பி நூலைத் தளர்த்தினார். பதினாறு அங்குலம்.

தரமணி ஆபீசுக்கு அனன்யா லீவு சொல்லியிருந்தாள். கேட்டுச் சொன்ன லீவு இல்லை. மாமியார் சொல்லிவிட்டாள், இவள் ஆபீசில் சொன்னாள். காரும் அவளுடையது, ஓட்டுவதும் அவள். முன்சீட்டில் அம்பி, பின்சீட்டில் சுப்புலக்ஷ்மி, அவள் மடியில் ஒரு வெல்வெட் பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது அனன்யாவின் மாங்காய் மாலை. லாக்கரிலிருந்து எடுத்து வரச் சொன்னதே சுப்புலக்ஷ்மிதான், கடையில் டிசைன் காட்ட வேண்டுமாம். கோபாலபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அனன்யாவின் அப்பா, அவள் பிறந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு தங்க மாங்காய் செய்து வைத்தார். சிவப்புக் கல் பதித்த, கட்டை விரல் நகம் அளவு மாங்காய். கல்யாணத்தன்று அத்தனையையும் வரிசையாகக் கோத்து அவள் கழுத்தில் போட்டார். வயிறு வரைக்கும் தொங்கும். அடுத்த வருஷமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நந்தனம் சிக்னலில் நின்றபோது சுப்புலக்ஷ்மிக்குப் பேச்சு வந்தது. மருமகள் கொடுத்து வைத்தவள், அவளுக்கு நகை நீளம் பார்க்கிற தொல்லையே கிடையாது என்று அம்பியிடம் சொன்னாள்.

"அவளுக்கென்ன, தலை முடிஞ்ச இடத்துல தோள் ஆரம்பிச்சுடறது. நடுவுல ஒண்ணும் இல்லையே."

அனன்யா சிக்னலைப் பார்த்தாள். பச்சை விழுந்தது.

தி.நகரில் அவர்கள் போன கடை நான்கு மாடி. ஏசிக் குளிரில் பென்குயின் வளர்க்கலாம். கழுத்து நகைப் பிரிவில் சாய்மா என்ற பெண் நின்றிருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும், புன்னகையைக் காலையில் மாட்டிக்கொண்டு சாயந்தரம் கழற்றுகிறவள். நகை பெரியவர்களுக்கா, இவர்களுக்கா என்று அனன்யாவைக் காட்டிக் கேட்டாள்.

"கல்யாணம் எனக்கு," என்றாள் சுப்புலக்ஷ்மி.

சாய்மாவின் புன்னகை ஒரு விநாடி வழுக்கி, மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டது. அறுபதாம் கல்யாணம் என்று அம்பி மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

முதலில் வந்தது பதினாலு அங்குலம். சுப்புலக்ஷ்மி மஃப்ளரை ஒரு கையால் இறக்கி, மறு கையால் நகையை ஏற்றினாள்; நடுவில் ஒரு கொசு எட்டிப் பார்க்கக்கூட இடைவெளி விடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று அனன்யாவை மட்டும் கிட்டே அழைத்தாள். தெரிகிறதா? நகை தொண்டையின் நடுவில் கவ்விக்கொண்டிருந்தது. அதன் கீழே தழும்பு காற்று வாங்கிக்கொண்டிருந்தது. தெரியறது என்றாள் அனன்யா.

அடுத்தது பதினெட்டு. அது தழும்பைத் தாண்டிக் கீழே இறங்கி, படத்துக்கு மாலை போட்டது போல அதைச் சுற்றி அலங்காரமாக நின்றது. தெரியறது.

மூன்றாவது பதினாறு. கட்டை கட்டையான வில்லைகள், நடுவில் ஒரு பச்சைக் கல். அது நேராகப் போய்த் தழும்பின் மேல் படுத்துக்கொண்டது. கடவுளே அளவெடுத்துச் செய்ததுபோல.

நின்றால் மட்டும் போதாது, பாடினால் தோல் மேலே ஏறும் என்றாள் சுப்புலக்ஷ்மி. அந்த இடத்திலேயே ஸட்ஜம் பிடித்தாள். கீழ் ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம். நான்கு மாடியிலும் பில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்கள். இரண்டு கவுண்டர் தள்ளி ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் அப்பா அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே எங்கேயோ பார்த்தார். நகை அசையவில்லை. தழும்பு துளியும் தெரியவில்லை.

சுப்புலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், தெரிகிறதா?

தலை முடிந்த இடத்தில் தோள். நடுவில் ஒன்றும் இல்லை. அனன்யாவுக்கு நந்தனம் சிக்னல் ஞாபகம் வந்தது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, மாமியாரின் நிம்மதி தன் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. அந்த ருசியை அவள் சற்று அனுபவித்தாள்.

"தெரியறதும்மா," என்றாள். "நன்னாத் தெரியறது."

சோபாவில் கடை கொடுத்த ரோஸ் மில்க்கைக் குடித்துக்கொண்டிருந்த அம்பி ஸ்ட்ராவிலிருந்து வாயை எடுத்தார். மூக்குக் கண்ணாடி வழியே அவருக்கு எல்லாம் நன்றாகத் தெரியும். கழுத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், மறுபடி ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் பதினாறில் இருந்த அத்தனையும் வந்தன. அத்தனையும் 'தெரிந்தன'. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸட்ஜம். பக்கத்துப் பிரிவில் வளையல் வாங்க வந்த பெண்கள் இது ஏதோ விளம்பரம் என்று நினைத்து போனில் படம் எடுத்தார்கள். அனன்யா ஒவ்வொரு முறையும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு தலையாட்டினாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சந்தோஷத்துக்கு வட்டி உடனே கட்ட வேண்டியிருந்தது. சுப்புலக்ஷ்மி நகைத் தட்டுகளைத் தள்ளிவிட்டு, காரிலிருந்து கொண்டுவந்த வெல்வெட் பெட்டியைத் திறந்தாள். ரெடிமேட் எதுவும் என் கழுத்துக்கு ஒத்து வராது, இதையே வெட்டிவிடுங்கள் என்றாள்.

சாய்மாவுக்குப் புரியவில்லை. அவ்வளவு நீள மாலையை யாராவது வெட்டுவார்களா? சுப்புலக்ஷ்மி விளக்கினாள். பதினாறு அங்குலத்துக்கு எத்தனை மாங்காய் வருமோ அத்தனை வைத்துக்கொண்டு, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். மாங்காய் கட்டை விரல் அகலம். தழும்பை மூடிவிட்டு இன்னும் இடம் இருக்கும் என்பதை மட்டும் அவள் வெளியே சொல்லவில்லை.

"அம்மா, அது அப்பா எனக்கு..." என்று அனன்யா ஆரம்பித்தாள்.

"உங்கப்பா நீளத்தைப் பார்த்துண்டே இருந்தாரே ஒழிய, போட்டுக்கறவளைப் பார்க்கலை. அது உன் கழுத்துலேர்ந்து தொங்கறபோது எப்படி இருக்கும் தெரியுமோ? கதவுல மாவிலை கட்டின மாதிரி."

சாய்மா குனிந்து தட்டுகளை அடுக்கினாள்.

அனன்யா ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த மூன்றாவது நகை சரியாகத்தான் இருந்தது, நான் பொய் சொன்னேன். அப்பாவின் மாலை பிழைத்துவிடும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் அவள் என்ன ஆவாள் என்பதை நினைத்து அதை விழுங்கிவிட்டாள். அவள் அம்பியைப் பார்த்தாள். அம்பி காலி டம்ளரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

மாலை மேல் மாடிப் பட்டறைக்குப் போயிற்று. அவர்கள் கீழேயே மோர்க்குழம்பு சாதம் வரவழைத்துச் சாப்பிட்டார்கள். சுப்புலக்ஷ்மி மட்டும் சாப்பிட்டாள் என்று சொல்வது சரி.

திரும்பி வந்தது மாலை இல்லை, அட்டிகை. அனன்யாவின் பதினைந்தாவது பிறந்தநாளோடு அது நின்றுவிட்டது. பிளஸ் டூ, காலேஜ், முதல் வேலை எல்லாம் ஒரு சிறிய ஜிப் கவருக்குள் கலகலவென்று கிடந்தன.

பின்பக்கத்தில் சங்கிலிக்குப் பதிலாகச் சிவப்புப் பட்டுக் கயிறு. அதில் ஒரு முடிச்சு மேலும் கீழும் நகரும். இழுத்தால் நகை ஏறும், தளர்த்தினால் இறங்கும். சங்கிலி வைக்க நேரம் ஆகும், இன்றைக்கே போட்டுப் போக வேண்டும் என்றதால் கயிறு போட்டிருக்கிறோம் என்றாள் சாய்மா. வேண்டுமானால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். தொடர்புக்கு அனன்யாவின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

சுப்புலக்ஷ்மிக்குக் கயிறு பிடித்துப்போயிற்று. முடிச்சை ஒரு நூல் அளவு ஏற்றினாள், அரை நூல் இறக்கினாள். மாங்காய்கள் தழும்பின் மேல் தோளோடு தோள் உரசி நின்றன. மேல் ஸட்ஜம் வரை பாடினாள். இந்த முறை அனன்யா பொய் சொல்லவில்லை. தெரியலை என்றாள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு சுப்புலக்ஷ்மி மஃப்ளரைக் கழற்றிச் சுருட்டிக் கைப்பையில் போட்டாள். நேராக அடையாறுக்கு விடச் சொன்னாள். மன்னிக்குப் பத்திரிகை கொடுக்க வேண்டும். நேரில் போய்க் குங்குமம் கொடுத்து அழைக்காவிட்டால் ஊர் பேசும். அதோடு, அவள் கண்ணில் தப்பினால் எந்தக் கண்ணிலும் தப்பும்.

ஜானகி இரண்டாவது மாடியில் இருந்தாள். அவள் கணவர் பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்தார். கதவைத் திறந்தவள் அம்பியைத்தான் முதலில் பார்த்தாள்.

"வாப்பா அம்பி. இளைச்சுட்டியே."

காலேஜ் படிக்க மெட்ராசுக்கு வந்த அம்பிக்கு நான்கு வருஷம் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தவள் அவள். அம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்து, செருப்பைக் கழற்றுகிற வேலையில் மறைந்துகொண்டார்.

ஜானகியின் கழுத்தில் தாலிச் சரடைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் தழும்பு வெளிறிப்போய், யாருக்கும் பயப்படாமல் வெளியே உட்கார்ந்திருந்தது. சுப்புலக்ஷ்மி அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல இரண்டாவது தடவையும் பார்த்தாள்.

பத்திரிகை, குங்குமம், நமஸ்காரம் எல்லாம் ஆயிற்று. ஜானகி எதிரே உட்கார்ந்து அட்டிகையை ஆராய்ந்தாள். அவள் பார்க்கப் பார்க்க சுப்புலக்ஷ்மி மூச்சுவிடுவதை நிறுத்தியிருந்தாள். தட்டில் ரவா லாடு வந்தது. நெய் கம்மியாகப் போட்ட, பல்லுக்குச் சவால் விடுகிற ரவா லாடு. சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றாள் ஜானகி.

சுப்புலக்ஷ்மி ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றாள். இறுக்கிய அட்டிகைக்குள்ளே அந்த விள்ளல் இறங்கியதை, எலியை விழுங்கிய பாம்பைப் பார்ப்பதுபோல மூன்று பேரும் பார்த்தார்கள். மாங்காய்கள் எழும்பின. விழுந்தன. தழும்பு வெளியே வரவில்லை. சுப்புலக்ஷ்மியின் கண்ணில் நீர் வந்தது. வெற்றியா, ரவையா என்று சொல்ல முடியாது.

"அழகா இருக்கு சுப்பு," என்றாள் ஜானகி. "உன் கழுத்துக்குன்னே பண்ணின மாதிரி."

அவ்வளவுதான். ஐந்து மாதப் பயம் கழன்று விழுந்தது. சுப்புலக்ஷ்மிக்குத் தாராளம் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் தாராளமாக இருக்கும்போதுதான் யாரும் கிட்டே நிற்கக்கூடாது. கலசாபிஷேகத்துக்கு முதல் குடம் மன்னி கையால்தான் விழ வேண்டும், வேறு யாரையும் கிட்டே விட மாட்டேன் என்றாள். மன்னி முதல் வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு நேர் எதிரே.

ஜானகி சரி என்றாள். அம்பி தன் வீட்டுப் படியேறி வரட்டும் என்று பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தவளுக்கு அது பெரிய விஷயம்தான். அவள் கண் லேசாகக் கலங்கியது.

அந்தக் கலங்கலோடு சுப்புலக்ஷ்மி நிறுத்தியிருக்கலாம். ஜிப் கவரை எடுத்து ஜானகியின் உள்ளங்கையில் கவிழ்த்தாள். பிளஸ் டூ, காலேஜ், முதல் வேலை எல்லாம் அங்கே போய் விழுந்தன. உங்கள் பேத்திக்குத் தோடு பண்ணிப் போடுங்கள், வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மிச்சம்தானே என்றாள்.

அனன்யாவின் முகம் போன போக்கை ஜானகி பார்த்தாள். பிறகு கையில் இருந்ததைப் பார்த்தாள். கல்யாணத்தன்று இந்த மாங்காய்களைப் பார்த்து அவள்தான் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் ஒவ்வொன்றாக வருஷம் கேட்டவள்.

"இது இவ அப்பா போட்டதுன்னா?"

"இந்தாத்துக்கு வந்தப்புறம் இவ அப்பா போட்டது, அவ அப்பா போட்டதுன்னு என்ன கணக்கு மன்னி?"

"எனக்கு வேண்டாம்," என்றாள் ஜானகி. "அடுத்தவா கழுத்துலேர்ந்து எடுத்தது எனக்கு ஒட்டாது. எடுக்கறவாளுக்கு எப்படி ஒட்டறதுன்னு எனக்குத் தெரியலை."

மாங்காய்களை ஜிப் கவரில் போட்டு அனன்யாவிடம் நீட்டினாள். அனன்யா வாங்குவதற்குள் சுப்புலக்ஷ்மி குறுக்கே கைவிட்டு எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

 கார் அடையாறு பாலம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து சிரிப்பு வந்தது.

"அந்தத் தழும்பைப் பார்த்தேளா? ஒரு மணிமாலையாவது போட்டு மூடிக்கப்படாதோ? எதிர்ல உக்கார்ந்து லாடு சாப்பிடறவாளுக்குக் குமட்டாது? எனக்கு ரெண்டாவது விள்ளல் இறங்கவே இல்லை."

அம்பி ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மந்தைவெளி முழுவதும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார், அங்கே பார்க்க டிராஃபிக்கைத் தவிர ஒன்றும் இல்லை.

தெற்கு மாட வீதி முனையில் காரை நிறுத்தச் சொன்னாள் சுப்புலக்ஷ்மி. பூக்காரி பாஞ்சாலியிடம் வெள்ளிக்கிழமைக்குப் பூமாலை சொல்லிவிட்டு வர வேண்டும் என்றாள். உண்மையில் மஃப்ளர் இல்லாத கழுத்தைப் பாஞ்சாலியிடம் காட்ட வேண்டும்; பாஞ்சாலி பார்த்தால் மயிலாப்பூர் பார்த்த மாதிரி. பாஞ்சாலியின் உரத்த குரல் காருக்குள்ளேயே கேட்டது.

"இன்னாமா, காசி ஜலதோசம் போயே போச்சா? நக சோக்கா கீது."

சுப்புலக்ஷ்மி கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது போன் அடித்தது. அனன்யாவின் போன் காரோடு இணைந்திருந்தது. ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அவள் பழக்கத்தில் அழுத்த, சாய்மாவின் குரல் கார் முழுவதும் ஒலித்தது.

"மேடம், ஜுவல்லரிலேருந்து சாய்மா பேசறேன். சாரி மேடம், ஒரு விஷயம். அறுபதாம் கல்யாணம்னு சொன்னீங்க, எனக்கு அந்தச் சடங்கு தெரியாது. தலையில குடம் குடமா தண்ணி ஊத்துவாங்களாமே? எங்க பட்டறை மாஸ்டர் இப்பத்தான் சொன்னாரு. அந்தப் பட்டுக் கயிறு நனைஞ்சா முடிச்சு நிக்காது மேடம், வழுக்கிடும். நகை வெயிட்டு வேற. ரெண்டு இன்ச்சாவது கீழ இறங்கிடும். நாளைக்கு எடுத்துட்டு வந்தீங்கன்னா ஹூக் வெச்ச செயின் போட்டுக் குடுத்துடறோம். எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் அசையாது. மாத்திடலாமா?"



இந்தக் குடும்பம் பார்க்காத கலசாபிஷேகமா? மயிலாப்பூரில் ஊற்றிய குடங்களை எல்லாம் ஒன்றாக ஊற்றியிருந்தால் கபாலி தெப்பக்குளம் இரண்டு தடவை நிரம்பியிருக்கும். வியர்வையை நினைத்தார்கள், புகையை நினைத்தார்கள், ஸட்ஜத்தை நினைத்தார்கள், ரவா லாடைக்கூட நினைத்தார்கள். தண்ணீரை நினைக்கவில்லை. தழும்பைப் பார்த்துப் பார்த்துக் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு அங்குலம் இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் காலையிலேயே பதினெட்டு அங்குலம் காட்டிவிட்டது. ஹால் நிறைய ஜனம், முதல் வரிசையில் மாணவிகளும் அவர்கள் அம்மாக்களும், குடத்தைப் பிடித்துக்கொண்டு நேர் எதிரே ஜானகி.

அனன்யா வெளியே பார்த்தாள். சுப்புலக்ஷ்மி பாஞ்சாலியின் தட்டிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து, நகைக்கு மேலே பிடித்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதமாக அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அனன்யாவுக்கு ஜிப் கவர் ஞாபகம் வந்தது. அப்பா ஞாபகம் வந்தது. கதவில் கட்டின மாவிலை ஞாபகம் வந்தது. இருந்தும், நாளைக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். பொய் சொல்லி வெட்டுப்பட்ட மாலை போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். ஒருத்தியைக் கடைக் கண்ணாடி முன்னால் தவிக்கவிடுவது வேறு, ஹால் நடுவில் நிறுத்துவது வேறு.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கோம்மா," என்றார் அம்பி.

அனன்யா திரும்பினாள். அம்பி டாஷ்போர்டின் பக்கம் குனிந்து, அதற்குள்தான் சாய்மா உட்கார்ந்திருக்கிறாள் என்பதுபோல மரியாதையாகப் பேசினார்.

"நான் அவ ஆத்துக்காரர் பேசறேன். கயிறே இருக்கட்டும்மா."

"சார், தண்ணி பட்டா..."

"பரவாயில்லை. ரொம்ப நன்றிம்மா." அவர் விரல் எந்தப் பொத்தான் என்று தெரியாமல் தேடியது. அனன்யாதான் அழைப்பைத் துண்டித்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அம்பி கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஒரு கண்ணாடிக்கு வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தார்.

பின்கதவு திறந்தது. மல்லிகை வாசனையோடு சுப்புலக்ஷ்மி ஏறினாள். போனில் யார் என்று கேட்டாள்.

"கடையிலேர்ந்து," என்றார் அம்பி. "நகை திருப்தியா இருக்கான்னு கேட்டா. ரொம்பத் திருப்தின்னேன்."

சொல்லிக் கொடுக்காமலே மனுஷன் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார் என்று சுப்புலக்ஷ்மி வியந்தாள். மன்னிக்கு முதல் குடத்தை விட்டுக்கொடுத்ததைப் பற்றி ஊரெல்லாம் பேசப்போகிறது பாருங்கள் என்றாள். பேசும் என்று அம்பி ஒப்புக்கொண்டார்.

அனன்யா வண்டியை எடுத்தாள். தெப்பக்குளத்துப் பக்கம் திரும்பும்போது அம்பி அவள் கையை லேசாகத் தொட்டார்.

"அந்தப் பாத்திரக் கடை திறந்திருந்தா நிறுத்தும்மா. அபிஷேகத்துக்குக் குடம் பார்க்கணும். கொஞ்சம் பெரிசா."

"நன்னா பெரிசாவே பாருங்கோ," என்றாள் சுப்புலக்ஷ்மி பின்சீட்டிலிருந்து. "கஞ்சத்தனம் பண்ணிட்டேள்னு மன்னி நினைச்சுடப்படாது."